மோனைக்காக வந்த நோய்

பெங்களூரு மர்பி டவுனில் ஒரு சாவு விழுந்தால் முதல் போன் ஐஸ் பெட்டிக்காரனுக்குப் போகும், இரண்டாவது லவினாவுக்கு. மேளக்காரனுக்குக்கூட அதற்கப்புறம்தான். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், துணிக்கடைகளுக்கும் கறிக்கடைகளுக்கும் நடுவே நுழைகிற ஒரு சந்தில் ஹரிஷ்குமாரின் பிளெக்ஸ் கடை இருந்தது. செத்தவரின் போட்டோ வாட்ஸப்பில் வந்து விழும். லவினா அதன் பின்னணியை வெட்டி எறிந்துவிட்டு மேகம் வைப்பாள், இரண்டு புறா வைப்பாள், கட்சிக்காரர் என்றால் புறா இருந்த இடத்தில் தலைவர் வந்து உட்காருவார். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, ஒரு பக்கம் பிறந்த தேதி, மறுபக்கம் இறந்த தேதி, கீழே குடும்பத்தார் பெயர்கள். நடுவில் நாலு வரி பாட்டு. அந்த நாலு வரிக்காகத்தான் நீலசந்திராவிலிருந்துகூட ஆட்டோ பிடித்து இந்தக் கடையைத் தேடி வந்தார்கள்.

மற்ற கடைகளில் ஊருக்கெல்லாம் ஒரே பாட்டு. போன வாரம் செத்த பூக்காரம்மாவுக்குப் போட்டதையே இந்த வாரம் செத்த ரௌடிக்கும் போட்டு, ‘அன்னையே’ என்பதை மாற்ற மறந்து அடி வாங்கிய கடைக்காரர் ஒருவர் உண்டு. லவினாவிடம் அந்தக் கதை நடக்காது. ஆளுக்கு ஒரு பாட்டு. பி.ஏ. தமிழ் இலக்கியம் படித்தவள். பதினோரு பேர் இருந்த வகுப்பில் முதல் மாணவி. மழை நாளில் செத்தவருக்கு வானமே அழுதது என்று எழுதுவாள். தானாக நடக்கிற ஒன்றுக்குக் கவிஞன் தன் மனதில் உள்ள காரணத்தை ஏற்றிச் சொன்னால் அது தற்குறிப்பேற்ற அணி. தெருவுக்கு ஒரு பைப் போட்டுக் கொடுத்தவரை இமயமலை ஆக்கினால் உயர்வு நவிற்சி. ‘செத்தார்’ என்று சொல்லாமல் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்றால் மங்கலம். கூடப் படித்த பத்துப் பேரும் ஐந்து மார்க் கேள்விக்காக இதை மனப்பாடம் செய்து, பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். லவினா ஒருத்திதான் அதை வைத்துச் சோறு தின்றாள்.

இதில் ஒரு கூத்து உண்டு. பாட்டுக் கேட்டு வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள். வீட்டில் பேச்சு தமிழ், சண்டை தமிழ். படித்தது கன்னட மீடியம், அல்லது படிக்கவேயில்லை. ஆனால் சாவுக்குத் தமிழ்ப் பாட்டு இல்லையென்றால் மட்டும் பெரிய குறையாகிவிடும். அதனால் லவினா கடையிலேயே வாய்விட்டுப் படித்துக் காட்டுவாள். அவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நல்லாக்கீது மேடம், போட்டுடுங்க” என்பார்கள். மறுநாள் அது தெருமுனையில் தொங்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தொங்கவிட்டவர்களுக்கே தெரியாது.

எப்படிச் செத்தார் என்பது மட்டும் பிளெக்ஸில் வராது. அது இந்தப் பக்கத்து வழக்கம். குடித்துக் குடித்தே போனவருக்கு ‘நீண்ட நாள் நோய்’. தானே முடிவு தேடிக்கொண்டவருக்கு ‘திடீர் உடல்நலக் குறைவு’. “என்னாச்சு?” என்று லவினா கேட்கும்போது வந்தவர் தலையைக் குனிந்துகொண்டால் அவளுக்குப் புரிந்துவிடும். மேற்கொண்டு கேட்க மாட்டாள். அவளாகவே ஒரு நோயைப் போட்டுவிடுவாள்.

முதல் நோயை அவள் போட்டது தன் புருஷனுக்கு.

டென்சில் எலக்ட்ரீஷியன். வேலை பார்த்த பேக்டரி மூடியபிறகு ஒரு வருஷம் வீட்டிலேயே இருந்தான். அதிகம் பேசாதவன் இன்னும் பேசாமல் போனான். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாலை, லவினா மகள் ஷைனியை டான்ஸ் கிளாஸிலிருந்து கூட்டி வருவதற்குள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். ஷைனிக்கு அப்போது எட்டு வயது. டென்சிலின் அண்ணன் லாயிட் ஓடி வந்து முதலில் கதவைச் சாத்தினார். அப்புறம் தெரிந்த டாக்டர் ஒருவரைப் பிடித்து மாரடைப்பு என்று சீட்டு வாங்கினார். “சர்ச்சுல அடக்கம் பண்ணணும், நாளைக்கு இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகணும். அது ஹார்ட் அட்டாக். அவ்ளோதான்” என்றார். லவினா தலையாட்டினாள். அன்று அவள் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பாள்.

பிளெக்ஸ் போட ஹரிஷ்குமார் கடைக்குப் போனபோது அங்கிருந்த ரெடிமேட் பாட்டைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்தது. பேனா வாங்கி, நின்றபடியே எழுதினாள்.

மாலை சாயும் முன்னமே
மணிவிளக்கு அணைந்ததே
மாரடைப்பு வந்ததே
மனையெலாம் இருண்டதே

மாலைக்கு மாரடைப்பு மோனையாகப் பொருந்திவிட்டது. ஹரிஷ்குமார் அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான். அவன் கன்னடக்காரன், ஆனால் சிவாஜிநகரில் பிறந்தவன், தமிழ் காதில் ஏறும். பத்தாம் நாள் ஆள் அனுப்பி வேலைக்குக் கூப்பிட்டான். புருஷன் சாவுக்கு எழுதியதே இன்டர்வியூ. அப்படியொரு இன்டர்வியூ யாருக்கும் வாய்க்க வேண்டாம்.

ஷைனிக்கு இப்போது பதினைந்து. இங்கிலீஷ் மீடியம், இரண்டாம் மொழி கன்னடம்; தமிழ் ஒரு எழுத்து படிக்க வராது. அப்பாவின் பிளெக்ஸை அவள் படித்ததில்லை, அம்மா சொன்னதைத்தான் நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு டீச்சர், இதய நோய் அப்பா வழியாகப் பிள்ளைகளுக்கும் வரலாம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஷைனி ஓடுவதை நிறுத்தினாள். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டாள். மாடிப்படியில் பாதியில் நின்று கழுத்தில் விரல் வைத்து எண்ணுவாள். இரண்டு முறை ஈசிஜி எடுத்தாயிற்று, எக்கோவும் பார்த்தாயிற்று. டாக்டர் சிரித்துக்கொண்டே, “பேமிலி ஹிஸ்டரி இருக்கறதால வருஷத்துக்கு ஒருக்கா பார்த்துக்கலாம்” என்றார். லவினா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பேமிலியில் அப்படி ஒரு ஹிஸ்டரியும் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டாள். அதற்காக அவளை எத்தனை திட்டினாலும் தகும்; அவளும் தன்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

போன வருஷம் ஜூலையில் உமேஷின் போட்டோ வந்தது. நீலசந்திராக்காரன், முப்பத்தி நாலு வயசு, அபார்ட்மெண்டுகளில் கழிவுநீர்த் தொட்டி பராமரிக்கிற கான்ட்ராக்டரிடம் வேலை. கடைக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் உமேஷின் மச்சான் கோவிந்தப்பா, மனைவி யசோதாவின் அண்ணன். இன்னொருவர் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். அவர்தான் பேசினார்.

“என்னாச்சு?” என்று கேட்டாள் லவினா.

“ஹார்ட்டு மேடம். டூட்டில இருக்கறப்பவே.”

கோவிந்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். லவினா மேற்கொண்டு கேட்கவில்லை.

நெடுநாள் நெஞ்சு நோயினை
நிழலாய்ச் சுமந்து நடந்தவனே
நெருப்பாய் எங்கள் நெஞ்செரிய
நித்திரை கொள்ளப் போனாயோ

நெடுநாள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நெஞ்சு, நோய் என்று இரண்டு நகர எழுத்து வந்துவிட்டது. முன்னால் இன்னொரு நகரம் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று போட்டாள். படித்துக் காட்டினாள். கோவிந்தப்பா அழுதார். கீழே ‘மனைவி யசோதா மற்றும் குடும்பத்தார்’ என்று போட்டு, மதியத்துக்குள் அடித்துக் கொடுத்தாள். பிளெக்ஸ் ஏறுவதற்கு முன்பே உமேஷைப் புதைத்துவிட்டார்கள். அவ்வளவு அவசரம் ஏன் என்று அன்று அவளுக்குத் தோன்றவில்லை. எல்லாச் சாவிலும் யாராவது அவசரப்படத்தான் செய்கிறார்கள்.

ஆகஸ்டில் வேறொரு வேலை வந்தது. பக்கத்துக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கிற பிள்ளைகளுக்கு அணி பிடிபடவில்லை. எளிமையாக ஒரு குறிப்பு வேண்டும் என்றார்கள். லவினா உற்சாகமாக இருபத்தி நாலு பக்கத்தில் ஒரு நோட்ஸ் எழுதினாள். ‘அணி, தொடை, வழக்கு: பரீட்சைக் குறிப்புகள்’. பாடப்புத்தகத்து உதாரணங்கள் பிள்ளைகளுக்கு வாயில் நுழையவில்லை என்பதால், தன் அஞ்சலிப் பாட்டுகளையே பெயரை எடுத்துவிட்டு உதாரணமாகப் போட்டாள். உருவகத்துக்கு ஒரு பால்காரர். தற்குறிப்பேற்றத்துக்கு ஒரு ஆட்டோ டிரைவர். வஞ்சப் புகழ்ச்சிக்குக்கூட ஒருவர் கிடைத்தார். அவருடைய தம்பியே கேட்டு எழுதி வாங்கியது அது. தன்மை நவிற்சிக்குத்தான் உதாரணம் கிடைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி அழகாகச் சொல்வது தன்மை நவிற்சி. ஏழு வருஷப் பாட்டில் அப்படி ஒன்றுகூட இல்லை. கடைசியில், சிக்னலில் நிற்கிற ஒரு மாட்டைப் பற்றிப் புதிதாக நாலு வரி எழுதிச் சேர்த்தாள்.

பதினேழாம் பக்கத்தில் மோனை. மோனை அணியல்ல, தொடை. இருந்தாலும் கேள்வித்தாளில் கேட்பார்கள். அங்கே உமேஷின் பாட்டைப் போட்டு, கீழே ஒரு குறிப்பும் எழுதினாள். ‘இப்பாடலில் “நெடுநாள்” என்ற சொல் பொருள் நோக்கி வந்ததன்று, மோனை நோக்கி வந்தது. இறந்தவர் நெடுநாள் நோயுற்றிருந்தார் என்று கொள்ள வேண்டியதில்லை.’ அதை எழுதிவிட்டுக் கொஞ்சம் கர்வப்பட்டாள். பாட்டு எழுதுகிறவர்களின் சூட்சுமத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டோம் என்ற கர்வம்.

நவம்பரில் ஒரு பகல், கடைக்கு ஒரு பெண் வந்தாள். சின்ன உருவம், கையில் கன்னடத்தில் டைப் அடித்த ஒரு தாள். கம்ப்யூட்டர் வரை வந்து நின்றாள்.

“பாட்டு எழுதறது நீங்கதானாக்கா?”

“ஆமாம்மா. யாரு தவறிட்டாங்க?”

“எம் பேரு யசோதா. எம் பேரு கீழ போட்டு என்னக்கா எழுதுனீங்க?”

லவினாவுக்கு முதலில் பிடிபடவில்லை. யசோதா கத்தவில்லை, ஒவ்வொன்றாகச் சொன்னாள். உமேஷ் நெஞ்சு நோயில் சாகவில்லை. மூடி திறந்த தொட்டிக்குள் கயிறு இல்லாமல் இறக்கிவிட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்த வாயுவில் மயங்கி, கான்கிரீட் விளிம்பில் தலை மோதி விழுந்திருக்கிறான். கூட இருந்தவன் பயந்து ஊருக்கு ஓடிவிட்டான். மூன்று மாசம் கழித்து அவன்தான் போன் பண்ணி அழுதான். சாட்சி சொல்ல மட்டும் வர மாட்டேன் என்றான். குளிப்பாட்டும்போது உமேஷின் பின்மண்டையில் அடியை யசோதாவே பார்த்திருக்கிறாள். விழுந்தபோது பட்டது என்று அண்ணன் அவளை அடக்கிவிட்டார். அண்ணனை யார் அடக்கினார்கள் என்பது வேறு கதை. அவருக்கும் அதே கான்ட்ராக்டரிடம்தான் வேலை.

உடலைத் தோண்டியெடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று யசோதா மனு கொடுத்திருந்தாள். தாசில்தார் விசாரணையில் கான்ட்ராக்டரின் வக்கீல் ஒரே ஒரு போட்டோவைத்தான் நீட்டினார். தெருமுனையில் தொங்கிய பிளெக்ஸ். கூடவே கன்னட மொழிபெயர்ப்பு. நெடுநாள் நெஞ்சு நோய் என்று மனைவியே ஊரறிய எழுதி வைத்திருக்கிறாள்; இப்போது பணம் பறிக்கக் கதை கட்டுகிறாள் என்றார்.

“எனக்குத் தமிழ் படிக்க வராதுக்கா. நான் அன்னிக்கு அந்தப் பேனர் கீழயே உக்காந்துனு இருந்தேன். அவரப் பத்தி நல்லதா ஏதோ எழுதியிருக்குன்னு நெனச்சினு இருந்தேன்.”

லவினா எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லவும் தோன்றவில்லை, தண்ணீர் கொடுக்கவும் தோன்றவில்லை. ஏழு வருஷமாக எழுதிய அத்தனை பிளெக்ஸும் இந்தப் பெண் மேல் சாய்ந்து விழுந்தது மாதிரி இருந்தது. அலமாரியிலிருந்து நோட்ஸை எடுத்துப் பதினேழாம் பக்கத்தைத் திறந்தாள்.

“இதுல எழுதியிருக்கேம்மா. அந்த வார்த்தைய நானாதான் போட்டேன்னு. ஆகஸ்ட்லயே எழுதியிருக்கேன்.”

“அத வந்து அங்க சொல்லுவீங்களாக்கா?”

“சொல்றேன்” என்றாள் லவினா. அந்தச் சொல் வாயை விட்டுப் போன பிறகுதான், அங்கே போய் நின்றால் இன்னும் என்னென்ன கேட்பார்கள் என்ற யோசனை வந்தது.

செய்தி லாயிட் காதுக்குப் போக இரண்டு நாள்தான் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சர்ச் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். ஷைனி கொஞ்சம் தள்ளித் தோழியோடு நின்றிருந்தாள்.

“உனக்கு என்ன பேஜாரு புடிச்சிருக்கு லவினா? கோர்ட்டு கச்சேரின்னு போய் நின்னா, இதுக்கு முன்னாடி யாருக்கு இப்டி எழுதுனன்னு கேப்பான். என்ன சொல்லுவ?”

“அதெல்லாம் கேக்க மாட்டாங்க மாமா.”

“கேட்டா? சீட்டு வாங்குனது நான். மாட்டறது நான். அத விடு. அவளப் பாரு” என்று ஷைனி பக்கம் கண்ணைக் காட்டினார். “அவ தாங்குவாளா?”

ஹரிஷ்குமார் இவ்வளவு பேசவில்லை. “மேடம், அந்த கான்ட்ராக்டர் பர்த்டே பேனர், அரசியல் பேனர் எல்லாம் நம்மகிட்டதான். போறதுன்னா போங்க. அப்பறம் கொஞ்ச நாள் கடைக்கு வராதீங்க” என்றான். நல்லவன்தான், நல்லவன் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

விசாரணை ஒரு வியாழக்கிழமை காலை. தாசில்தார் ஜெயலட்சுமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நோட்ஸைக் கையில் வாங்கிப் புரட்டினார். தமிழ் தெரிந்த கிளார்க் ஒருவர் பதினேழாம் பக்கத்தைக் கன்னடத்தில் சொன்னார். அட்டையில் ஆகஸ்ட் மாசம் இருந்தது, யசோதா மனு கொடுத்தது அக்டோபர்.

“நம்ம பிராச மாதிரியா?” என்று தாசில்தார் கன்னடத்தில் கேட்டார்.

“அது மாதிரிதான் மேடம். எழுத்து சேரணும்னு போடறது” என்று லவினாவும் கன்னடத்திலேயே சொன்னாள்.

யசோதா சுவரோரம் நின்று லவினாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீல் எழுந்தார். வயசானவர், குரலை உயர்த்தாமல் பேசுகிற ரகம்.

“சரிம்மா. நெடுநாள் உங்க கைச்சரக்கு. ஒத்துக்கறேன். நெஞ்சு நோய்?”

“சூப்பர்வைசர் ஹார்ட்னு சொன்னாரு.”

“பக்கத்துல செத்தவன் மச்சான் இருந்தாரு இல்லையா? நீங்க படிச்சுக் காட்டுனீங்க. அவர் வேணாம்னு சொல்லல. அழுதாரு. இல்லாத நோயை எழுதுனா சொந்தக்காரன் சும்மா கேட்டுனு இருப்பானா? உலகத்துல எந்தக் குடும்பமாவது செத்தவனுக்கு இல்லாத நோயைப் போட்டுத் தெருவுல தொங்கவிடுமா?”

அறையில் இருந்தவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தாசில்தார்கூட லேசாகத் தலையசைத்தார். யசோதாவின் முகம் விழுந்துவிட்டது. எல்லாக் குடும்பமும் அப்படித்தான் சார், ஊர் வழக்கமே அதுதான் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். லவினா அதைத்தான் முதலில் சொன்னாள்.

“அப்படியா? ஒரு பேர் சொல்லுங்க” என்றார் வக்கீல். “ஒரே ஒரு குடும்பம்.”

லவினாவுக்கு நூறு பெயர் தெரியும். அந்த நூறு வீட்டுக்காரர்களும் அவளை நம்பித் தலை குனிந்தவர்கள். அவர்களில் ஒருவரை இங்கே இழுத்துப்போட அவளுக்கு எந்த உரிமையும் கிடையாது. உரிமை இருந்தது ஒரே வீட்டின் மேல்தான்.

“எங்க வீடு. எம் புருஷன் டென்சில். மாரடைப்புன்னு நானே எழுதி, நானே தொங்கவிட்டேன். அவர் மாரடைப்புல சாகல. தானா உயிரை விட்டாரு.”

தாசில்தார் டைப் அடிக்கிறவரைக் கையால் நிறுத்தினார். “இது இந்த ஃபைலுக்கு வேணுமா அம்மா? யோசிச்சுச் சொல்லுங்க.”

லவினா யசோதாவைப் பார்த்தாள். அந்தப் பெண் அழவில்லை, கெஞ்சவில்லை. வெறுமனே நின்றிருந்தாள்.

“வேணும் மேடம். எழுதிக்குங்க.”

அடுத்த புதன்கிழமை தோண்டினார்கள். அடையாளம் காட்ட யசோதாவைத்தான் கூப்பிட்டார்கள். சட்டையை வைத்துச் சொன்னாள். அவளே போட்டுவிட்ட சட்டை. பின்மண்டையில் விரிசல் இருந்தது. வழக்கு பதிவாயிற்று, கான்ட்ராக்டர் ஜாமீனில் வந்தார், இன்னும் வாய்தா நடக்கிறது. கோவிந்தப்பா தங்கையோடு பேசுவதில்லை. லவினாவுக்கு ஹரிஷ்குமாரிடமிருந்து போன் வரவில்லை. லாயிட் மட்டும் ஒரு தடவை போன் பண்ணி, போலீஸ் தன்னைத் தேடி வந்தால் அவள் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று சொல்லி வைத்தார். இதெல்லாம் அப்புறம் நடந்தது.

அந்த வியாழக்கிழமை, தாலூக் ஆபீஸிலிருந்து இரண்டு பஸ் மாறி லவினா வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை. ஷைனி நாலு மணிக்கு வருவாள். ஆபீஸ் வராந்தாவில் மர்பி டவுன் ஆள் ஒருவர் நின்றதை லவினா பார்த்திருந்தாள். ஆறு மணிக்குள் தெரு முழுக்கப் போய்விடும். அதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று அரை மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள். அடுத்தவர் வீட்டுச் சாவுக்கு நிமிஷத்தில் நாலு வரி கட்டுகிறவளுக்கு, தன் மகளிடம் சொல்ல ஒரு வரி வரவில்லை. அப்பா மனசு உடைஞ்சு போச்சு என்று ஆரம்பிக்கலாமா என்று பார்த்தாள். அதிலும் நெஞ்சு வலி மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. வேண்டாம் என்று விட்டாள்.

ஷைனி வந்து பையை இறக்கினாள். மூன்று மாடி ஏறி வந்த களைப்பில், வழக்கம்போல இரண்டு விரலைக் கழுத்தில் வைத்து நின்றாள்.

“ஷைனி. அப்பா ஹார்ட் அட்டாக்ல சாகல.”

விரல் கழுத்திலேயே இருந்தது.

“அவரே உயிரை முடிச்சுக்கிட்டாரு. ஏன்னு எனக்குத் தெரியாது. வேல போனதுல இருந்து சரியா இல்ல. நான் கவனிச்சிருக்கணும், கவனிக்கல. பெரியப்பாவும் நானும் சேர்ந்து ஹார்ட் அட்டாக்னு சொல்லிட்டோம். பேனர்ல எழுதுனது நான். இன்னிக்கு தாசில்தார் ஆபீஸ்ல உண்மையச் சொல்லிட்டு வந்தேன். அதான் உங்கிட்டயும் சொல்றேன்.”

எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். இதைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஷைனி அழுவாள், கத்துவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

“அப்போ என் ஹார்ட்டுக்கு ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்லடி.”

“எப்பவுமே இல்லையா?”

“எப்பவுமே இல்ல.”

“ஈசிஜி எடுக்கறப்ப நீ என் கையப் புடிச்சினு இருந்தியே. அப்பவும் உனக்குத் தெரியுமா?”

லவினா தலையைக் குனிந்துகொண்டாள். கடைக்கு வருகிறவர்கள் குனிகிற அதே குனிவு.

ஷைனி கழுத்திலிருந்து விரலை எடுத்தாள். காலில் ஷூ அப்படியே இருந்தது. கதவைத் திறந்து வெளியே போனாள். மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. லவினா எழுந்து காரிடார் கம்பி வரை வந்து பார்த்தாள். கீழே, காய்கறி வண்டியைத் தாண்டி, பள்ளிக்கூட யூனிபாரத்தோடு ஷைனி ஓடிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் நிற்பாள், நின்று கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள் என்று லவினா காத்திருந்தாள். ஷைனி நிற்கவில்லை. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் முனை திரும்பி ஓடினாள்.